எல்லைக்கோட்டைப் போடுவது யார்?

 

ஒரு நிலப்பகுதி மாநிலமாவது எப்படி என்று மாணவருக்குக் கற்பிப்பதே இக்கருத்தரங்கின் பொருள். நம் வகுப்பறைகளில் அந்தப் பாடம் மாநிலங்கள் சீரமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1 என்ற ஒரே தேதியில் முடிந்துவிடுகிறது. தேதியை எழுதியவருக்கு மதிப்பெண் கிடைக்கிறது. அன்று முடிவெடுத்தது யார் என்று கேட்டால் வகுப்பே விழிக்கிறது.

பாடத்தை நாம் கூடியிருக்கும் நரிக்குடியிலிருந்தே தொடங்கலாமே. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தது. 1985இல் அதுவும் மூன்றானபோது, இந்த வட்டாரம் காமராசர் மாவட்டத்தில் சேர்ந்தது. பின்னர் அதன் பெயர் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. மேலே சென்னை மாகாணம், சென்னை மாநிலம், தமிழ்நாடு என்று இன்னொரு வரிசை ஓடியது. வீடு மாறாமலே ஒரு பாட்டி இத்தனை விலாசங்களில் வாழ்ந்திருப்பார். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களின் தலைப்பைப் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். மாவட்டத்தை மாநில அரசே பிரித்துக்கொண்டதே, மாநிலத்தை மட்டும் ஏன் அப்படிப் பிரிக்க முடியாது என்ற கேள்வி தானாக வரும்.

விடை அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. புது மாநிலம் அமைப்பது, எல்லையை மாற்றுவது, பெயரை மாற்றுவது எல்லாம் நாடாளுமன்றத்தின் அதிகாரம். குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தையும் கேட்க வேண்டும். கேட்டால் போதும், ஒப்புதல் தேவையில்லை. கருத்துச் சொல்லக் கெடு விதிக்கும் ஐந்தாம் திருத்தம் 1955 டிசம்பரில் வந்தது, அடுத்த ஆண்டின் பெரும் சீரமைப்புக்குச் சற்று முன்பாக. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் தெலங்கானா மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2இல் தெலங்கானா பிறந்தது.

அப்படியானால் எல்லாம் டெல்லியின் விருப்பம்தானா? அதுவும் முழு உண்மையல்ல. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் சென்னையில் உண்ணாநோன்பிருந்து இறந்த பிறகே ஆந்திர மாநிலம் அமைந்தது. ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரின் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அதற்குப் பின் வந்ததுதான். தென் திருவிதாங்கூரில் மார்ஷல் நேசமணி முன்னின்ற போராட்டமும், 1954 ஆகஸ்டில் அங்கே நடந்த துப்பாக்கிச் சூடும் இல்லாமல் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்த கதையைச் சொல்ல முடியாது. தேவிகுளமும் பீர்மேடும் நமக்குக் கிடைக்காததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிடைத்ததை மட்டும் சொன்னால் அது வெற்றிவிழாப் பேச்சாகிவிடும்.

நம் மாவட்டத்துக்காரரான சங்கரலிங்கனாரைப் பாடநூலின் ஒற்றை வரியில் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட 12 கோரிக்கைகளுடன் 1956 ஜூலை 27இல் விருதுநகரில் நோன்பு தொடங்கினார். அக்டோபர் 13இல் மதுரை மருத்துவமனையில் உயிர் நீத்தார். அடுத்த மாதமே எல்லை மாறியது, பெயர் மாறவில்லை. 1967 ஜூலை 18இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தும், நாடாளுமன்றம் 1968இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1969 ஜனவரி 14இல்தான் பெயர் நடைமுறைக்கு வந்தது. தெருவில் எழும் கோரிக்கை, சட்டமன்றத் தீர்மானம், நாடாளுமன்றச் சட்டம் ஆகிய மூன்றையும் மாணவர் ஒரே கதையில் பார்க்க இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

மாநிலமாக எத்தனை மக்கள் வேண்டும்? அமெரிக்காவில் 1787இன் வடமேற்குப் பிரதேசச் சட்டம், 60,000 சுதந்திரக் குடியிருப்பாளர்கள் சேர்ந்தால் மாநிலம் கேட்கலாம் என்று கணக்கு வைத்தது. நம்மிடம் அத்தகைய கணக்கில்லை. 2011 கணக்கெடுப்பில் சுமார் 6 லட்சம் பேர் வாழ்ந்த சிக்கிம் 1975 முதல் மாநிலம். அதில் இரு மடங்கு மக்கள் கொண்ட புதுச்சேரி இன்னும் யூனியன் பிரதேசம். சட்டமன்றமும் முதலமைச்சரும் அங்கே உண்டு. மாநிலத் தகுதி கேட்டுப் பலமுறை தீர்மானமும் போட்டிருக்கிறார்கள். ஜம்மு காஷ்மீரோ 2019இல் எதிர்த்திசையில் பயணித்தது.

ஆகவே மதிய அமர்வில் ஒரு பயிற்சியை முன்வைக்கிறேன். பாதி வகுப்பு புதுச்சேரிச் சட்டமன்றம், மீதி நாடாளுமன்றம். 3ஆம் பிரிவின் வாசகத்தைக் கையில் கொடுத்து மசோதா எழுதச் சொல்லுங்கள். புதுச்சேரியோடு ஒட்டாமல் கிடக்கும் அதன் பகுதிகளான மாகியும் ஏனாமும் எங்கே போகும் என்று எவராவது கேட்பார். அந்த விவாதத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.