வாசிப்பை நிறுத்தாத பூனை

ஒரு பூனையும் எலியும் அடித்துக்கொள்வதை ஏழு நிமிடம் உட்கார்ந்து பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. துரத்தல், அடி, விழுதல், மறுபடியும் துரத்தல். பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று டாம் அண்ட் ஜெர்ரியைப் போட்டுவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் படங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். ‘தி கேட் கான்செர்ட்டோ’ என்பது அதன் பெயர். அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம் 1947இல் வெளியிட்டது. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவரும் சேர்ந்து இயக்கியது.

கதையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. பெரிய அரங்கம். கறுப்புக் கோட்டும் வெள்ளை டையுமாக டாம் மேடைக்கு வருகிறான். சபைக்கு வணக்கம் வைக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் பியானோ வாசிக்கத் தொடங்குகிறான். வாசிப்பது அன்றைய ஹங்கேரியில் பிறந்த ஃபிரான்ஸ் லிஸ்ட் 1847இல் எழுதிய ‘ஹங்கேரியன் ராப்சடி எண் 2’ என்ற இசைப்படைப்பு. பியானோவின் உள்ளே, தந்திகளைத் தட்டும் சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறான். டாம் கட்டையை அழுத்த அழுத்த, அடியில் இருக்கும் சுத்தியல்கள் அவனைத் தூக்கித் தூக்கிப் போடுகின்றன. தூக்கம் கலைந்துவிடுகிறது. சண்டை தொடங்குகிறது.

இனி இந்தப் படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். மற்றப் படங்களில் டாம் எலியைப் பிடிக்க வீட்டையே புரட்டிப் போடலாம். இங்கே அவனால் எழுந்திருக்கவே முடியாது. எதிரே சபை உட்கார்ந்திருக்கிறது. கை நிற்கக் கூடாது, சுரம் பிசகக் கூடாது, முகத்தில் வித்வானின் களை குறையக் கூடாது. ஜெர்ரி கட்டைகளின் மூடியை அவன் விரல்கள் மேல் அறைந்து சாத்துகிறான். கத்தரிக்கோலை நீட்டி விரலை நறுக்கப் பார்க்கிறான். அழுத்த வேண்டிய கட்டைகள் இருக்கும் இடத்தில் எலிப்பொறியை வைக்கிறான். நாற்காலியின் திருகைத் திருகி டாமை ஏற்றி இறக்குகிறான். அத்தனையையும் தாங்கிக்கொண்டு டாம் வாசித்துக்கொண்டே இருக்கிறான். கைகள் எலியைப் பிடிக்கப் போனால் கால்கள் வாசிக்கின்றன. எந்த நிலையிலும் அவன் இசையைக் கைவிடுவதில்லை. பார்க்கிற நமக்குச் சிரிப்பு வருவது அடியைப் பார்த்து மட்டுமல்ல, அந்தப் பிடிவாதத்தைப் பார்த்தும்தான்.

சிறு வயதில் எல்லோரும் எலியின் கட்சி. எலி சிறியது, பூனை பெரியது என்பதால் அது இயல்புதான். இந்தப் படத்தை வளர்ந்த பிறகு பார்த்தால் மனம் டாமின் பக்கம் போவதை நான் உணர்கிறேன். கலையைக் கற்று, அரங்கேறி, பாதியில் நிறுத்த மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவன் அவன். அவனை வில்லன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இசைக்கு வருகிறேன். எம்.ஜி.எம். கார்ட்டூன்களின் இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி. இவருடைய பெயர் இன்னும் பலருக்குத் தெரியவேண்டும் என்பது என் ஆசை. டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசுவதில்லை. டாமின் அந்தப் புகழ்பெற்ற அலறல் இயக்குநர் ஹன்னாவின் சொந்தக் குரல். மற்றபடி கோபம், பயம், நயவஞ்சகம், பதுங்கல் எல்லாவற்றையும் சொல்வது பிராட்லியின் வாத்தியங்கள்தான். அவர் சாமானியமான ஆள் அல்ல. 1944இல் வந்த ஒரு டாம் அண்ட் ஜெர்ரி படத்தில், இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க் வகுத்த பன்னிரு சுர முறையையே ஒரு காட்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறார். அன்று இசை அரங்குகளிலேயே பலர் காதைப் பொத்திக்கொண்ட நவீன முறை அது. தியேட்டரில் உட்கார்ந்து சிரித்த குழந்தைகள் அதைக் கேட்டுக்கொண்டே சிரித்தார்கள்.

வழக்கமாக இந்தப் படங்களில் அசைவுகளின் காலக்கணக்கை முதலில் தீர்மானிப்பார்கள். இசை அதற்கேற்ப எழுதப்படும். ‘கேட் கான்செர்ட்டோ’வில் முறை தலைகீழ். லிஸ்டின் இசையை முன்கூட்டியே பதிவு செய்து, அதைக் கேட்டுக் கேட்டு ஓவியர்கள் வரைந்தார்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஏழு நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் பத்தாயிரத்துக்கும் மேல் சட்டகங்கள் வரும். கணினி இல்லாத காலம். கென்னத் மியூஸ், எட் பார்ஜ், இர்வன் ஸ்பென்ஸ் போன்றவர்கள் காகிதத்தில் பென்சிலால் வரைந்ததை மெல்லிய தகடுகளில் படியெடுத்து, வண்ணம் பூசி, ஒவ்வொன்றாகப் படம்பிடித்தார்கள். டாமின் விரல்களைக் கூர்ந்து பாருங்கள். இசையில் சுரம் மேலே போகும்போது கை வலப்பக்கம் போகிறது, கீழே இறங்கும்போது இடப்பக்கம் வருகிறது. பியானோ தெரிந்தவர்கள் இந்தப் படத்தை இவ்வளவு மதிப்பதற்கு அந்த விரல்கள்தான் காரணம்.

லிஸ்டின் அந்தப் படைப்பு இரண்டு பகுதிகளால் ஆனது. முதல் பகுதி கம்பீரமாக, மெதுவாகப் போகும். இரண்டாவது வேகமெடுத்துத் துள்ளும். ஹங்கேரிய நடன இசையின் மரபு அது. ஹன்னாவும் பார்பெராவும் சண்டையை இந்த அமைப்பின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். மெதுவான பகுதியில் சீண்டல், வேகப் பகுதியில் போர். நடுவே ஜெர்ரி சுத்தியல்களின் மேல் ஏறி ஆட, லிஸ்ட் மறைந்து ஒரு ரயில் பாட்டு ஒலிக்கிறது. ‘தி ஹார்வி கேர்ள்ஸ்’ என்ற எம்.ஜி.எம். படத்தில் வந்து அமெரிக்கா முழுவதும் முணுமுணுத்த பாட்டு அது. 1947 மார்ச்சில் நடந்த ஆஸ்கார் விழாவில் சிறந்த பாடலுக்கான விருது அந்தப் பாட்டுக்கு. அதே விழாவில் சிறந்த கார்ட்டூன் குறும்படத்துக்கான விருது ‘கேட் கான்செர்ட்டோ’வுக்கு. பொதுத் திரையீட்டுக்கு இந்தப் படம் வந்தது அதற்கடுத்த மாதம்தான்.

இதில் ஒரு சர்ச்சையும் உண்டு. வார்னர் நிறுவனத்தில் ஃபிரிஸ் ஃபிரெலெங், பக்ஸ் பன்னி முயலை வைத்து ‘ராப்சடி ராபிட்’ என்று ஒரு படம் எடுத்திருந்தார். அதே லிஸ்ட், அதே பியானோ, உள்ளே அதே போல ஒரு எலி. இரண்டும் சில மாத இடைவெளியில் வந்தன. நீ திருடினாய், நீதான் திருடினாய் என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டன. ஃபிரெலெங் 1941லேயே இதே ராப்சடியை ‘ராப்சடி இன் ரிவெட்ஸ்’ என்ற படத்தில், கட்டடம் கட்டும் வேலைக்குப் பொருத்தி அழகாகக் கையாண்டவர். முயல் படமும் நல்ல படம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு உயர்ந்தது பூனையின் கச்சேரி. முயல் நடுநடுவே நம்மைப் பார்த்து விளையாடுகிறது. பூனைக்கு வாசிப்பு விளையாட்டே இல்லை.

டாம் அண்ட் ஜெர்ரியைப் புகழும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 1940 முதல் 1958 வரை ஹன்னாவும் பார்பெராவும் இயக்கிய 114 படங்களில் சிலவற்றில் கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாகக் காட்டிய காட்சிகள் உண்டு. அவை அன்றும் தவறு, இன்றும் தவறு. பிள்ளைகளுக்குக் காட்டும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்லவேண்டும். ‘கேட் கான்செர்ட்டோ’வில் அப்படி எதுவும் இல்லை.

கடைசிக் கட்டத்தில், பொறுத்தது போதும் என்று டாம் ஜெர்ரியைச் சுத்தியல்களுக்கு நடுவே திணித்துவிட்டு வெறிகொண்டு வாசிக்கிறான். அடி வாங்கிய ஜெர்ரி இரண்டு சுத்தியல்களை ஒடித்தெடுத்து, தந்திகளைத் தானே அடித்து முடிவை வாசிக்கிறான். டாம் களைத்துச் சாய்கிறான். விளக்கு வெளிச்சம் நகர்ந்து எலியின் மேல் விழ, கைதட்டல் முழுவதும் எலிக்கு.

இந்த வரிசையில் ஏழு படங்கள் ஆஸ்கார் வாங்கின. எல்லாவற்றிலும் முதலிடம் இதற்குத்தான் என்பது என் தீர்ப்பு. வானொலி கேட்டுப் பழகிய காதுகள் உங்களுடையவை, அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டில் இந்தப் படம் ஓடும்போது முதலில் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேளுங்கள். பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். லிஸ்ட் யார் என்று பிள்ளைகள் கேட்டால், அந்த ராப்சடியின் பியானோ பதிவை ஒரு முறை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள்.