தப்புச் சத்தமும் பேசாத பிள்ளையும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், காணி, வீடு என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும்போது சங்கக் கூட்டத்தில் தப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. நம் லயங்களில் நான்கு, ஐந்து வயதாகியும் வாய் திறந்து பேசாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்து ஒரு காலை இழுத்து நடக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளைத் தேடி இப்போது ஆட்கள் வருகிறார்கள். மேளம் அடித்தே பிள்ளையைப் பேச வைக்கலாம், இதற்கு இசைச் சிகிச்சை என்று பெயர், முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். தோட்டை அடகு வைக்கக் கழற்றிய ஒரு தாய் எங்களிடம் வந்து, "டீச்சர், இது மெய்யா பொய்யா?" என்று கேட்டார்.

இசைச் சிகிச்சை மெய். முன்பணம் கேட்கிற ஆள் வேறு விஷயம். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

தப்பு நமக்குப் புதிது இல்லை. இருட்டோடு எழுப்பிப் பிரட்டுக்கு ஓட வைத்தது தப்பு. மாசி மாதம் காமன் கூத்துக்கும் தப்பு, கல்யாணத்துக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. பனி இறங்கும் மலையில் தோல் தளர்ந்துபோகும். நெருப்பு மூட்டிக் காய்ச்சினால்தான் சத்தம் எழும். காமன் கூத்தில் நல்ல தப்படிக்காரர் எங்கே பார்க்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? தப்பைப் பார்ப்பதில்லை, ஆடுகிறவரின் காலைப் பார்க்கிறார். கால் தளர்ந்தால் அடியைத் தளர்த்துவார். கால் எழும்பினால் கூடவே எழும்புவார். இசைச் சிகிச்சையின் பெரும் பகுதி இந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

1959இல் இங்கிலாந்தில், வூஸ்டர்ஷயரில், சன்ஃபீல்ட் என்ற விசேட தேவையுள்ள பிள்ளைகளின் இல்லத்தில் இரண்டு பேர் சந்தித்தார்கள். ஒருவர் போல் நோர்டொஃப், அமெரிக்க இசையமைப்பாளர், பியானோ வாசிப்பவர். மற்றவர் கிளைவ் றொபின்ஸ், அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர். ஆசிரியர் என்பதால் எங்களுக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம். பிள்ளையின் முன்னால் ஒரு மேளத்தையும் ஒரு தாளத் தட்டையும் வைத்தார்கள். "இப்படி அடி" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளை எப்படி அடித்ததோ அந்த வேகத்தில், அந்தப் பலத்தில் நோர்டொஃப் பியானோ வாசித்தார். பிள்ளை நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். ஒவ்வொரு வகுப்பையும் ஒலிநாடாவில் பதிந்து, பிறகு உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: பிள்ளை எந்த இடத்தில் நம்மைக் கவனித்தது, எந்த இடத்தில் விலகியது என்று.

ஏன் மேளம்? வயலினில் ஒரு நல்ல சத்தம் வரவே மாதக் கணக்காகும். மேளத்தில் ஒரு அடி போதும், சத்தம் வந்துவிடும். விரல் வளையாத பிள்ளையும் அடிக்கலாம், வார்த்தை இல்லாத பிள்ளையும் அடிக்கலாம். நீங்கள் இரண்டு அடி அடித்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். பிள்ளை இரண்டு அடி திருப்பி அடிக்கிறது. கேட்பது, காத்திருப்பது, தன் முறை வந்ததும் பதில் தருவது. பேச்சுக்கு அடியில் இருப்பதும் இதுதான். அந்தக் காத்திருப்பு வராத பிள்ளைக்கு "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று எவ்வளவு கத்தினாலும் ஏறாது.

பெரியவர்களுக்கு வேறு வழியில் உதவுகிறது. பார்க்கின்சன் நோய் வந்தவருக்குக் கை நடுங்கும், நடை குறுகும், அடி எடுக்கமுடியாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். அமெரிக்காவில் மைக்கேல் தௌட் என்பவரும் கூட இருந்தவர்களும் 1996இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீரான தாளம் பதிந்த ஒலிநாடாவைக் கேட்டுக்கொண்டு 15 நோயாளர் தினமும் அரை மணி நேரம், மூன்று வாரம் நடந்தார்கள். நடை வேகம் சராசரியாக 25 வீதம் கூடியது, அடியின் நீளமும் கூடியது. காதில் விழும் தாளத்துக்கும் உடம்பின் அசைவுக்கும் மூளையில் நெருங்கிய தொடர்பு உண்டு. அடுத்த அடி எப்போது விழும் என்பது காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, கால் அதற்குத் தயாராகிறது. பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுகிறவர்களுக்கும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தாளத்தை வாய்க்கு வந்தபடி வைப்பதில்லை. முதலில் நோயாளரின் சொந்த நடையை அளக்கிறார்கள், அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் இல்லை.

இனி, பணம் கேட்கிறவர்கள் சொல்லாத பகுதி. ஓட்டிசம் உள்ள 364 பிள்ளைகளை வைத்து ஒன்பது நாடுகளில் செய்த பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஐந்து மாதம் இசைச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கும் வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கும், அந்த நிலையின் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. பிறகு 2022இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கொஞ்சம் நம்பிக்கையான முடிவைச் சொன்னார்கள். ஆக, உதவி இருக்கலாம். மூன்று மாதத்தில் பேச வைப்பேன் என்று யாரும் எழுதித் தரமுடியாது. எழுதித் தருகிறவரை நம்பாதீர்கள். மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளையின் முன்னால் விடாமல் அடிப்பது சிகிச்சை இல்லை, வதை.

இதைச் செய்கிறவர் என்ன படித்திருக்க வேண்டும்? அமெரிக்காவில் பல்கலைக்கழகப் பட்டம், அதோடு 1200 மணித்தியாலம் நேரடிப் பயிற்சி, பிறகு பரீட்சை. இங்கிலாந்தில் முதுமாணி அளவுப் படிப்பு. அரச பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். பயிற்சியில் வாசிப்பு ஒரு பகுதிதான். கை ஒரு தாளத்தைப் பிடித்திருக்க, கண் பிள்ளையின் முகத்தில் இருக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். சும்மா இருக்கவும் பழக வேண்டும், அதுதான் கெட்டிக்கார வாசிப்பாளருக்கு மிகவும் கஷ்டம். ஒவ்வொரு வேலையையும் குறித்துவைத்து, அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். ஆகவே வீட்டுக்கு வருகிறவரிடம் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், பிள்ளையைப் பார்க்கும் டொக்டரிடம் பேசினீர்களா? கேட்டதற்கு அவர் கோபப்பட்டால் அதுவே பதில்.

தப்படிக்கிற நம் பையன்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாவு வீட்டில் அடிக்கக் கூப்பிட்டு, ஒரு போத்தலைக் கொடுத்து, திண்ணைக்கு வெளியே உட்கார வைத்துச் சோறு போடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. சாதி சொல்லிக் கூப்பிடுவதால் கெட்டிக்காரப் பையன்கள் தப்பைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் ஆடுகிறவர் காலைப் பார்த்து அடிக்கத் தெரிந்த அந்தக் கண், வெளிநாட்டில் பல்கலைக்கழகத்தில் வருடக் கணக்காகப் பழக்குகிற கண். அதை யார் யாருக்கு இலவசமாகக் கொடுக்கிறோம்? தப்படிக்கும் கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே பேசுங்கள், காசாக வாங்குங்கள். சங்கம் பக்கத்தில் நிற்கும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழக மட்டத்தில் இசை படிக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாக, சங்கத்தின் வேலை. பேசாத பிள்ளைக்கு முதலில் வேண்டியது காதுப் பரிசோதனை. பிள்ளைக்குக் காது கேட்காமலிருந்தும், பிடிவாதக்காரன் என்று அடி வாங்குவதை நாங்கள் வகுப்பறையில் பார்த்திருக்கிறோம். அடுத்தது பேச்சுச் சிகிச்சையாளர். இரண்டுக்கும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஒரு தடவை அல்ல, பல தடவை. போகிற நாளெல்லாம் தாய்க்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. பஸ் காசும் போகிறது. இரண்டு தடவை போய்விட்டு மூன்றாம் தடவை நின்றுவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் முன்பணக்காரர் கதவைத் தட்டுகிறார். கிளினிக் அட்டையைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும் என்ற கோரிக்கையை இந்தக் கிளை நிர்வாகத்திடம் வைக்க வேண்டும். இன்றே கையெழுத்து வாங்குகிறோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துத் தப்பும் தாளமும் பழக்கப்போகிறோம். அதற்குச் சிகிச்சை என்று நாங்கள் பெயர் வைக்கமாட்டோம், அது விளையாட்டு. பேசாத பிள்ளையையும் கூட்டி வாருங்கள், சத்தம் பிடிக்காத பிள்ளைக்கு வாசல் பக்கம் பாய் போட்டிருக்கும். காசு ஒன்றும் வேண்டாம். கிளினிக் கொப்பியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். யார் யாருக்கு இன்னும் காதுப் பரிசோதனை செய்யவில்லை என்று அன்றைக்கே பார்த்து, தலைவி அக்காவிடம் பெயர் கொடுத்துவிடலாம்.