முகமறியா ஊரில் கைவேலையே சாட்சி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் பலர் இம்மும்பை மாநகருக்கு வந்து இறங்கியபொழுது, பெட்டியில் இரண்டு வேட்டிகளோடு ஒரு கடிதமும் இருந்தது. "இவர் நமக்கு வேண்டியவர், நாணயமானவர்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதம் அது. முகமறியா ஊரில் அதுவே அவர்களுக்கு முதல். இன்று நம் பெண்மக்கள் சிலர் ஒப்பனையையும் கூந்தல் அலங்காரத்தையும் தொழிலாகக் கற்கின்றனர். அவர்களுக்கு அத்தகைய கடிதம் எது? போர்ட்போலியோ என்று தொழிலில் வழங்கும் வேலைத் தொகுப்பே ஆகும். அதை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். தம் கையாலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இத்தொழிலின் கதவு பெண்களுக்கு எளிதில் திறந்ததன்று. 1913ஆம் ஆண்டு தாதாசாகேப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தில் தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்னும் ஆண்மகன். பின்னர்ப் பெண்கள் நடிக்க வந்தார்கள். ஆனால் அந்நடிகையர் முகத்துக்கு வண்ணம் தீட்டும் உரிமை பெண்ணுக்கு வரவில்லை. இம்மும்பையின் திரைப்பட ஒப்பனையாளர் சங்க விதிகள், ஒப்பனை ஆணுக்கு, கூந்தல் அலங்காரம் பெண்ணுக்கு என்று வரம்பு கட்டியிருந்தன. மகாராஷ்டிரத்தில் 5 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. சாரு குரானா என்னும் ஒப்பனைக் கலைஞரும் வேறு சிலரும் வழக்காடினர். 2014ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விரு விதிகளையும் செல்லாதவை ஆக்கியது. பெண் என்பதும் வெளியூர் என்பதும் இனித் தடையல்ல. ஆயின் நீதிமன்றம் கதவைத்தான் திறக்கும். உள்ளே அமர இடம் தருவது கைத்திறன். அத்திறனுக்குச் சாட்சி வேண்டுமன்றோ?

சாட்சி என்றால் அது பொய் சொல்லலாகாது. ஒப்பனைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். இரண்டும் ஒரே சன்னலருகே, ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் இருத்தல் வேண்டும். முன் படத்தை இருட்டிலும் பின் படத்தை விளக்கின் கீழும் எடுத்தால், மாறியது முகமன்று, விளக்கே! கைப்பேசியின் மாயங்களால் தோலை வழவழப்பாக்கிய படம், கலைஞரின் திறனைக் காட்டாது. கருவியின் திறனையே காட்டும். பிறர் செய்த வேலையைத் தமதென்று சேர்ப்பதோ, திருடிய கடிதத்தோடு வேலைக்குப் போவதற்கு ஒப்பாகும்.

படங்கள் 15 அல்லது 20 போதும். ஆனால் அவை ஒரே முகமாக இருத்தல் கூடாது. கருநிறம், மாநிறம், இளந்தோல், சுருக்கம் விழுந்த தோல் எல்லாம் வேண்டும். கருநிறத்துக்குப் பொருந்தாத பூச்சு சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். டைட்டானியம் டை ஆக்ஸைடு மிகுந்த பூச்சு, நேரில் நன்றாயிருந்தாலும், பிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை மாவு பூசியதாகக் காட்டிவிடும். கழுத்தும் முகமும் ஒரே நிறமாய் இருப்பதைப் படமே சொல்ல வேண்டும். கூந்தல் வேலையாயின், பின்புறமும் பக்கவாட்டும் கட்டாயம். பூஜடை தைக்கும் கையே, மராத்தி மணமகளின் கொண்டையையும், நத்து அணிந்த முகத்தையும், பிறைப் பொட்டையும் செம்மையாகச் செய்யுமாயின், அது இந்நகரத்தில் வாழ்வதன் பெரும்பேறு அல்லவா? நாட்டிய அரங்கேற்ற ஒப்பனை ஒன்றும் சேரட்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில், விடியலில் செய்த ஒப்பனை முகூர்த்தம் முடிந்தபின் எவ்வாறு இருந்தது என்று காட்டும் படம் ஒன்றும் இருந்தால், அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

தொடக்கத்தில் வாடிக்கையாளர் இல்லையே என்று தயங்க வேண்டா. தொழில் பழகும் படப்பிடிப்பாளர், மாடலாக விரும்பும் பெண், ஒப்பனை கற்றவர் ஆகிய மூவரும் கூலியின்றிக் கூடி, எடுத்த படங்களைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு. மூவர் பெயரும் படத்தோடு வர வேண்டும். முகம் யாருடையதோ அவரிடம் எழுத்தில் சம்மதம் பெறுதல் முறை. தூரிகையைக் கழுவுவதும், புதிய பூச்சைச் சிறிதளவு கையில் தடவி ஒவ்வாமை உண்டா என முதலில் பார்ப்பதும் படத்தில் தெரியா. ஆனால் அடுத்த வாடிக்கையாளரைக் கொண்டுவருபவை அவையே.

இறுதியாக, பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். "நம் வீட்டுப் பெண்தானே" என்று கூறி, விடியற்காலை 4 மணிக்கு அழைத்து, ஒரு தட்டுச் சிற்றுண்டியோடு அனுப்பிவிடுகிறோம். மண்டபத்துக்கும் மேளத்துக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நாம், மணமகளின் முகத்தை ஒளிரச் செய்த கைக்குக் கொடுக்கத் தயங்குவது அறமாகாது. கூலியைக் கொடுப்போம். மணமகள் இசைந்தால், நல்ல படங்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம். "பெண்ணுக்கு இது ஒரு வேலையா?" என்னும் பேச்சை இன்றோடு விடுவோம். முன்னோருக்கு ஊர்ப் பெரியவர் கடிதம் கொடுத்தார். நம் பெண்மக்கள் தம் கடிதத்தைத் தாமே எழுதுகின்றனர். தாளையாவது நாம் கொடுப்போமாக.