தூக்குக்குண்டும் வரி அட்டவணையும்



என் அப்பா கொத்தனார். செங்கல்லை வண்டியிலிருந்து இறக்கியதும் எடுத்துக் கட்டிவிட மாட்டார். தண்ணீர்த் தொட்டியில் முக்குவார். கல்லிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். அது அடங்கும்வரை காத்திருப்பார். சித்தாள் அம்மா அவசரப்படுத்தினால், "கல்லு தாகமா இருந்தா சாந்துல இருக்குற தண்ணியைக் குடிச்சிடும்மா, அப்புறம் சுவர் பிடிக்காது" என்பார். பள்ளி விடுமுறைகளில் சாரத்துக்குக் கீழே நின்று அவருடைய கரணையைக் கழுவிக் கொடுத்தவன் நான். அதன்பின் முப்பது ஆண்டுகளாகக் கட்டமைப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன்.

இத்தனை ஆண்டுகளில் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்றை, இன்று பட்டம் பெறும் கட்டடக்கலை, கட்டுமானப் பொறியியல் மாணவ மாணவியரான உங்களுக்கு முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன். நாம் வரைபடத்தில் முதல் கோடு போடுவதற்கு முன்பே ஒரு வீட்டின் பாதி முடிவாகிவிடுகிறது. டெல்லியில் ஏதோ ஒரு மசோதாவின் உட்பிரிவில் முடிவாகிறது. வரி அட்டவணையின் ஏதோ ஒரு வரியில் முடிவாகிறது. அந்த முடிவு எடுக்கப்படும் அறையில் சுவர் கட்டத் தெரிந்தவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

2019 கடைசியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். சென்னையின் பழைய பகுதி ஒன்றில் அவருக்குச் சொந்த வீடு. ஒன்றரைக் கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, தேக்குக் கட்டைகள் மீது சிறு செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சுத்தியலோடு போய் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தேன். மூன்று கட்டைகள் மட்டும் சுவருக்குள் செருகிய முனையில் உளுத்திருந்தன. மற்றவை கணீரென்று ஒலித்தன. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் நூல் பிடித்த மாதிரி நின்றது. இன்னும் ஐம்பது ஆண்டுகள் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் பழுதுபார்க்கும் மதிப்பீடு கொடுத்தார். அதன் அடியில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதே வாரம் கட்டுமான நிறுவனம் ஒன்று அவரிடம் பேசியது. வீட்டை இடித்துவிட்டு அடுக்ககம் கட்டலாம் என்றார்கள். கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டை வாங்குபவருக்கு வரி 5 சதவீதம்தான். மலிவு விலை வீடு என்ற வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். அந்த அம்மா இரண்டு தாள்களையும் என் மேசையில் வைத்துக் கேட்டார்: "பழசைக் காப்பாத்துறவங்களுக்கு அபராதமா சார்?"

என்னிடம் பதில் இல்லை. வரி ஒன்று மட்டுமே அந்த வீட்டை இடித்தது என்று நான் சொல்லமாட்டேன். நிலத்தின் விலை இருந்தது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் விருப்பம் இருந்தது. ஆனால் தராசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்க்கப்பட்டிருந்தது. நான்கு நாளில் வீடு தரைமட்டமானது. நான் தட்டிப் பார்த்த தேக்குக் கட்டைகள் லாரியில் போனதைத் தெருமுனையில் நின்று பார்த்தேன்.

அந்த 5 சதவீதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறைந்த விகிதம் நடைமுறைக்கு வந்தபோது, சிமெண்டுக்கும் கம்பிக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை கட்டுநருக்கு இல்லாமல் போனது. அதனால் அந்த வரி மறையவில்லை. சதுர அடி விலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மலிவு வீடு என்பதற்கு அன்று வைத்த வரம்பு 45 லட்சம் ரூபாய். பெருநகரத்தில் 60 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 645 சதுர அடிக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டால் சதுர அடிக்கு 7,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். அந்த விலைக்கு நகரின் உள்ளே புது வீடு தேடிப் பாருங்கள். வேலைக்குப் போகும் தூரத்தில் கிடைக்காததை மலிவு வீடு என்று அழைப்பது நியாயமில்லை.

இதையெல்லாம் நாடாளுமன்றம் விவாதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஜி.எஸ்.டி.க்கான அரசியல் சட்டத் திருத்தம் 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் வந்தது. ஆதரவு 203, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. மாநிலத்தின் நிதி உரிமை பறிபோகும் என்று சொல்லி அதிமுக உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்திருந்தார்கள். அந்த விவாதத்தில் ப.சிதம்பரம், பொது வரி விகிதம் 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வாதாடினார். அடுத்த ஆண்டு ஜூலையில் வரி அமலுக்கு வந்தபோது சிமெண்டுக்கு விதிக்கப்பட்டது 28 சதவீதம். வீடு கட்டும் ஏழையின் மூட்டையும் ஆடம்பரப் பொருள்களும் ஒரே வரிசையில் நின்றன. 2025 செப்டம்பர் 22 அன்றுதான் அது 18 ஆனது. இடையில் எட்டு ஆண்டுகள் போய்விட்டன.

நடைமுறையில் விகிதங்களை முடிவு செய்வது அவையல்ல, ஜி.எஸ்.டி. மன்றம். ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. மாநிலங்களின் குரல் அங்கே ஒலிக்கிறது, அது நல்லதே. ஆனால் அவையில் நடப்பதுபோல எல்லோரும் பார்க்க, பதிவாகும் விவாதம் அங்கே கிடையாது. ஒரு மூட்டை சிமெண்டின் வரி ஏன் இவ்வளவு என்று ஒரு குடிமகன் வார்த்தைக்கு வார்த்தை படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. இதை நான் குறையாகவே பார்க்கிறேன்.

விவாதம் நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வீட்டுமனை ஒழுங்குமுறை மசோதா, நாம் ரெரா என்று சொல்வது, 2013ல் மாநிலங்களவையில் அறிமுகமானது. நிலைக்குழு பார்த்தது. பிறகு மாநிலங்களவையின் தேர்வுக்குழு பார்த்தது. 2016 மார்ச்சில்தான் இரு அவைகளிலும் நிறைவேறியது. முதல் மசோதாவில் கட்டமைப்புக் குறைபாட்டுக்குக் கட்டுநரின் பொறுப்பு 2 ஆண்டுகள். சட்டமானபோது அது 5 ஆண்டுகள். வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதியை நடுவில் 50 ஆக இறக்கினார்கள். எதிர்ப்பு எழுந்து, கடைசியில் 70க்கே திரும்பியது. சுவரில் விரிசல் விழுந்த ஒரு குடும்பத்துக்கு 2 ஆண்டுக்கும் 5 ஆண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கான்கிரீட்டின் குறை பெரும்பாலும் முதல் மழையில் தெரிவதில்லை.

கடைசிக் காலத்தில் என் அப்பா ஓர் அடுக்ககத்தின் மேல்மாடி வீட்டில் இருந்தார். ஒரு மே மாத இரவு, மணி பத்தரை இருக்கும். அவர் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கை வைத்தேன். பகல் வெயில் அப்படியே உள்ளே இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் நகரும் கண்ணாடி. அதில் பாதிதான் திறக்கும், மறு பாதி எப்போதும் மூடியே இருக்கும். வாழ்நாள் முழுவதும் பிறருக்கு வீடு கட்டிய மனிதர், ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு சொன்னார்: "காத்து வர்ற வழிய விட்டுட்டுக் கட்டியிருக்கானுங்கடா. இதுக்கு ஒரு சட்டம் கிடையாதா?"

இருக்கிறது அப்பா என்று சொல்ல அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 2018ல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, வெக்கையும் ஈரப்பதமும் உள்ள சென்னை போன்ற ஊர்களில் வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய வழியாக இருக்க வேண்டும் என்கிறது. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி. கண்ணாடியின் அளவு அல்ல, உண்மையில் திறக்கும் அளவு. சுவரும் ஜன்னலும் உள்ளே விடும் வெப்பத்துக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். எரிசக்திச் சேமிப்புத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையிலும் டிசம்பர் 12 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியபோது, குடியிருப்புக் கட்டடங்களும் சட்டத்தின் வளையத்துக்குள் வந்தன. ஆனால் 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ மின்சுமை உள்ள கட்டடத்துக்குத்தான் அது பொருந்தும். எட்டு வீடு கொண்ட சாதாரண அடுக்ககம் பெரும்பாலும் அந்த எல்லையை எட்டாது. அப்பா இருந்த வீடும் எட்டாது. அந்த எல்லையைக் குறைக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில அரசுகளுக்குக் கொடுத்திருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லி யார் கேட்பது? வெப்பக் கணக்குப் போடத் தெரிந்த நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு போகும். இது எரிபொருளின் புகை அல்ல, கல்லுக்குள்ளேயே இருப்பது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ குறையாது. ஆகவே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்யும், சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி. சுட்ட களிமண்ணும் சுட்டெடுக்காத சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாக்கும் எல்.சி.3 சிமெண்ட், உமிழ்வை 40 சதவீதம் வரை குறைக்கிறது. அந்த ஆராய்ச்சியில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தோடு நம் சென்னை ஐ.ஐ.டி.யும் டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.களும் உழைத்தன. 2023ல் இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. ஆனால் வரி அட்டவணைக்கு எல்லா சிமெண்டும் ஒன்றுதான். காற்றைக் கெடுக்கும் மூட்டைக்கும் காக்கும் மூட்டைக்கும் ஒரே 18. குறைந்த உமிழ்வுக்குக் குறைந்த வரி என்ற ஒரு வரியை அட்டவணையில் சேர்த்தால், நாம் நூறு கருத்தரங்குகளில் சொல்வதை மேஸ்திரியே கடையில் கேட்டு வாங்குவார். பழுதுபார்ப்புக்கும் அப்படித்தான். இருக்கிற சுவரைக் காப்பாற்றுவதைவிடப் பசுமையான கட்டுமானம் எதுவும் இல்லை. அதற்கான வரி புது வீட்டின் வரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இது என் உறுதியான கருத்து.

பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நீங்கள் போகும் முதல் வேலைத்தளத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது, எந்த வகை, எவ்வளவு வரி, எத்தனை சதுர அடி ஜன்னல் உண்மையில் திறக்கிறது, மே மாத இரவில் உள்சுவரின் சூடு என்ன, எல்லாவற்றையும் எழுதுங்கள். மசோதாக்கள் நிலைக்குழுவுக்குப் போகும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். அதைப் பார்த்து உங்கள் குறிப்புகளை அனுப்புங்கள். உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவர் அவையில் தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பேசுவதற்கான கணக்கை அவருக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் போதும். இந்தக் கோடை முடிவதற்குள் முதல் பக்கத்தை எழுதி அனுப்பிவிடுங்கள்.