பத்து சென்ட் விடுதலை

(விழிஞ்ஞத்தில் நடந்த அய்யன்காளி பிறந்தநாள் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தொழிலாளத் தோழர்களே, வலையைக் கரையில் போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் நின்றபடி கேட்கிற கடற்கரைச் சொந்தங்களே!

எனக்கு முன் பேசிய நண்பர், திருவிதாங்கூர் மகாராஜா 1855இல் அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் எனக்குச் சண்டை. நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. மேடையில் சண்டை போடத்தானே பஸ் ஏறி வந்திருக்கிறேன்!

முதலில் கணக்கைச் சொல்கிறேன். 1836இல் எடுத்த கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் மக்கள். அதில் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். எட்டு ஆளுக்கு ஒரு ஆள். புலையர், பறையர், குறவர் என்று சாதிப் பெயரைச் சொன்னாலே அடிமை என்று பொருள்பட்ட காலம். நிலத்தை எப்படிக் கைமாற்றினார்களோ அப்படியே மனிதரையும் மாற்றினார்கள்: ஜன்மம் என்றால் விலைக்கு விற்பது, காணம் என்றால் அடகு வைப்பது, பாட்டம் என்றால் வாடகைக்கு விடுவது. எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கம் அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். வாங்கிப் படியுங்கள். ஆளை எழுதிக்கொடுத்த ஓலைகள் அதில் இருக்கின்றன. நம் பாட்டன்மார் சொத்துப் பத்திரத்தில் ஒரு வரியாகக் கிடந்தவர்கள்.

சரி, மகாராஜா என்ன செய்தார்? அதற்கும் முன்னால் 1812இல் ராணி கவுரி லட்சுமி பாய், அடிமைகளை விற்பதும் வாங்குவதும் கூடாது என்று உத்தரவிட்டார். உழவுக்காக நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு மட்டும் அது பொருந்தாது! மிச்சம் யார் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள். 1847இல் மிஷனரிகள் மனு கொடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 1843லேயே சட்டம் வந்துவிட்டது, பிரிட்டிஷ் ரெசிடெண்டும் நெருக்கினார். 1853இல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று ஓர் அறிவிப்பு. கடைசியாக 1855 ஜூன் 24இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் சாசனம். சர்க்காரின் அடிமைகள் விடுவிக்கப்பட்டார்கள். தனியாரிடம் இருந்த பெருங்கூட்டத்துக்கு அந்தச் சாசனம் செய்தது இவ்வளவுதான்: அடிமையின் மேல் ஒருவர் கொண்டாடும் உரிமையை இனி கோர்ட்டும் உத்தியோகஸ்தரும் ஏற்க மாட்டார்கள்.

நிலம் கொடுத்தார்களா? இல்லை. விதைநெல்? இல்லை. பள்ளிக்கூடம்? ரோட்டில் நடக்கிற உரிமை? அதுவும் இல்லை. 1855 ஜூன் 25ஆம் தேதி காலையில் அந்த மனிதர் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? முந்தின நாள் போன அதே வயலுக்கு, அதே தம்புரானிடம், அதே நெல்லுக்கூலிக்கு. இதற்கா கைதட்டினீர்கள்?

அமெரிக்காவிலும் இதே கதைதான், வரிசைதான் வேறு. அங்கே முதலில் போர். நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்து, 1865இல் அடிமைமுறை அரசியல் சட்டத்திலேயே ஒழிக்கப்பட்டது. போர் முடியும் முன்பே ஷெர்மன் என்கிற தளபதி தெற்குக் கடலோரத்தில் ஒரு குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவு போட்டார். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருடத்திலேயே அந்த நிலத்தைப் பழைய எஜமானர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓட்டுரிமை வந்தது, கறுப்பர் ஒருவர் 1870இல் செனட்டிலும் உட்கார்ந்தார். 1877இல் மத்தியப் படை விலகியது. அதன் பிறகு பழைய எஜமானர்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். பிரிந்த நாட்டை ஒட்டவைக்க விடுதலை பெற்றவனின் நிலத்தைத்தான் பசையாகக் குழைத்தார்கள்.

இங்கே சாசனம் முதலில் வந்தது. போர் பின்னால் வந்தது. 1893இல் தொடங்கி இருபது வருடத்துக்கும் மேல் நடந்த போர். அதன் தளபதி அய்யன்காளி, இந்தக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெங்கானூரில் பிறந்தவர், 1863 ஆகஸ்ட் 28இல். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

வில்லுவண்டிக் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். தலைப்பாகையும் மேல்துண்டும் அணிந்து, மணி கட்டிய காளைகளைப் பூட்டி, புலையர் கால்வைக்கக் கூடாத ரோட்டில் 1893இல் அய்யன்காளி வண்டியை ஓட்டினார். தைரியத்தைச் சொல்கிறோம், பாடுகிறோம், நாடகம் போடுகிறோம். நான் கேட்பது வேறு. வண்டி வாங்கக் காசு எங்கிருந்து வந்தது? காளை மேய எது இடம்? அவருடைய தகப்பனார் அய்யனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது, புலையர் சமூகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களுக்கு மட்டும் கிடைத்த பாக்கியம். லட்சக்கணக்கான பேரில் நிலமுள்ள ஒரு குடும்பத்தின் பிள்ளைக்குத்தான் மறுநாள் கஞ்சிக்குத் தம்புரான் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்தான் காளையைப் பூட்டினார். மற்றவர்களுக்குத் தைரியம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களுக்கு நிலம் இல்லை.

வண்டிக்குப் பிறகு பள்ளிக்கூடம். 1904இல் வெங்கானூரில் தாமே ஒரு குடிப்பள்ளிக்கூடம் கட்டினார், எரித்தார்கள். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. கீழே இருந்த உத்தியோகஸ்தர்கள் அதை அமுக்கினார்கள். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை, பக்கத்து நெய்யாற்றின்கரைக்காரர், திவானை எதிர்த்து எழுதி 1910இல் நாடு கடத்தப்பட்ட பத்திரிகையாளர். பத்திரிகைச் சுதந்திரம் என்றால் இன்றைக்கும் அவர் பெயர்தான். அந்த மாமனிதர், புலையர் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்று அதே 1910இல் எழுதினார். ராஜாவை எதிர்ப்பவரெல்லாம் நமக்கு நண்பர் என்று நம்பிவிடக் கூடாது, தோழர்களே.

ஊரூட்டம்பலத்தில் பூஜாரி அய்யன் மகள் பஞ்சமி என்கிற சிறுமியை அய்யன்காளி கையைப் பிடித்து வகுப்பறைக்குக் கூட்டிப்போனார். சிறுமி பெஞ்சில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். ஒரு குழந்தை உட்கார்ந்த தீட்டைப் போக்கத் தங்கள் பிள்ளைகள் படிக்கிற கூரையையும் சேர்த்துக் கொளுத்திய அறிவாளிகள்! பாதி கருகிய பெஞ்சு அந்தப் பள்ளியில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அமெரிக்கத் தெற்கில் கறுப்பர் பள்ளிகளைக் கொளுத்திய கதையைப் புத்தகத்தில் தேட வேண்டாம், இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

இனி இந்த விழிஞ்ஞத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையென்றால் வயலில் இறங்க மாட்டோம் என்று அய்யன்காளி சொன்னார். கதிர் அறுக்கவில்லை, நாற்று நடவில்லை. ஏறத்தாழ ஒரு வருடம். கம்யூனிஸ்ட் கட்சி பிறப்பதற்கு முன்பு, ரஷ்யப் புரட்சிக்கு முன்பு. தம்புரான்கள் சிரித்தார்கள்: பட்டினி கிடந்தால் தானாக வருவார்கள். வயிறு பேசத் தொடங்கியபோது அய்யன்காளி யாரிடம் போனார்? சர்க்காரிடம் போகவில்லை. இந்தக் கடற்கரைக்கு வந்தார். படகுக்கு ஒருவராக எங்கள் ஆட்களை ஏற்றிக்கொள்ளுங்கள், பங்கு கொடுங்கள் என்று கேட்டார். கடலில் இறங்கியே பழகாத, சேற்றில் வளர்ந்த மனிதர்களை இந்தக் கரைக்காரர்கள் ஏற்றிக்கொண்டார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். முதல் நாள் படகில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருப்பார்கள்; வலையை இழுக்கத் தெரிந்திருக்காது; அப்படிப்பட்ட ஆளுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பதென்றால் உங்கள் பாட்டன் தன் வீட்டுப் பங்கைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பின்வரிசையில் நிற்கிறவர்களே, கைதட்டுவதானால் இதற்குத் தட்டுங்கள். அன்றைக்கு விடுதலை பெற்றவர்களுக்குச் சோறு போட்டது அரண்மனை அல்ல, நீங்கள்.

கடைசியில் சர்க்கார் இறங்கிவந்தது. கண்டல நாகப்பிள்ளையை மத்தியஸ்தராகப் போட்டுப் பேச்சு நடத்தியது, கூலி உயர்ந்தது.

கொல்லம் பக்கம் பெரிநாட்டில் 1915இல் என்ன நடந்தது என்று பெண்கள் கேட்டுக்கொள்ளுங்கள். புலையப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது, கழுத்தில் கல்லுமாலைதான் போட வேண்டும் என்பது கட்டாயம். மறுத்தவர்களைத் தாக்கிக் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அந்த வருடம் டிசம்பரில் கொல்லம் மைதானத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூட்டம். சங்கனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை. அய்யன்காளி சொன்னதும் பெண்கள் அரிவாளை எடுத்துக் கல்லுமாலையை அறுத்து மேடைப் பக்கம் எறிந்தார்கள். கல் குவிந்து கிடந்ததாம். கதிர் அறுக்கிற அதே அரிவாள்.

சட்டசபைக்கு வருவோம். 1911இல் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினர் ஆனார். மறுவருடம் அவர் பேசியபோது கேட்டது என்ன? சிலை கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. சர்க்காரிடம் தரிசாகக் கிடந்த புதுவல் நிலம் கேட்டார். விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் ஒதுக்க உத்தரவும் வாங்கினார். படிக்காத மனிதருக்குத் தெரிந்தது, அவருக்குப் பிறகு வந்த படித்த சர்க்கார்களுக்குத் தெரியவில்லை.

எப்படி என்கிறீர்களா? கேரளத்தின் நிலச் சீர்திருத்தத்தை உலகமே புகழ்கிறது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்தது. உண்மை, பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வயல் யாருக்குப் போனது? குத்தகைச் சீட்டு வைத்திருந்தவருக்குப் போனது. வயலில் இறங்கி உழுதவருக்கு என்றைக்காவது குத்தகை கிடைத்ததா, சீட்டு வைத்திருக்க? அவருக்குக் குடிகிடப்பு உரிமை: குடிசை இருந்த இடம், கிராமத்தில் அதிகபட்சம் பத்து சென்ட். நகரத்தில் அவ்வளவுகூட இல்லை. தோட்டங்களைத் தொடவே இல்லை. நாற்பது ஏக்கர் என்று சொல்லி ஏமாற்றினார்களே அமெரிக்காவில், இங்கே ஏமாற்றக்கூட இல்லை. சட்டத்திலேயே பத்து சென்ட் என்று எழுதிவிட்டார்கள். அதற்குள்ளே வீடு, கிணறு, மூத்தவனுக்கு ஒரு அறை, இளையவனுக்கு ஒரு சாய்ப்பு, அம்மா செத்தால் புதைக்க அடுப்படி ஓரம். 2007இல் செங்கரையில் ரப்பர் தோட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிளாஸ்டிக் ஷீட் கட்டி உட்கார்ந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

தமிழ்நாட்டுக்காரன் நான், நம்ம பக்கம் யோக்கியம் என்று பேச வரவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892இல் சென்னை அரசு தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பஞ்சமி நிலம் கொடுத்தது. மற்றவர்க்கு விற்க முடியாது என்று நிபந்தனையும் போட்டது. அந்த நிலம் இன்று யார் கையில்? 1994இல் காரணையில் திருப்பிக் கேட்டபோது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். கொடுத்த நிலத்தைக் காப்பாற்றாத அரசும் கொடுக்காத அரசும் எனக்கு ஒரே தட்டுதான்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் இதே திருவனந்தபுரத்துக்கு வந்தார். தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவின் தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது, பிறகு ஆமாம், நானும் அதுதான் என்று ஒப்புக்கொண்டேன் என 1965இல் அவரே தேவாலயத்தில் பேசினார். அவர் வாஷிங்டன் பேரணியில் லட்சக்கணக்கானோர் முன் பேசிய நாள் 1963 ஆகஸ்ட் 28. அய்யன்காளி பிறந்து சரியாக நூறு வருடம். தற்செயல்தான். அந்தப் பேரணி கேட்டதும் வேலையும் விடுதலையும் சேர்த்துத்தான்.

இன்றைக்கு இந்தக் கரையில் துறைமுகம் வந்துவிட்டது. 2025 மே 2இல் பிரதமர் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். ராட்சதக் கிரேன்களை இங்கிருந்தே பார்க்கலாம். கடற்கரையில் வீடு போனவர்களும், வெங்கானூர் மேட்டில் பத்து சென்டில் மூன்று தலைமுறையாக நெருங்கிக் கிடப்பவர்களும் வேலை யாருக்கு என்று ஒருவரையொருவர் முறைத்துப் பார்ப்பது எனக்குத் தெரியும். மாதா கோயில், பள்ளிவாசல், அம்பலம் என்று பிரித்து நிறுத்த ஆட்களும் இருக்கிறார்கள். படகில் ஆள் ஏற்றியபோது உங்கள் பாட்டன் சாதி கேட்டாரா?

மேசையில் ஒரு மனு இருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் கொடுக்கப் போகிறோம். 1855இல் விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகள் கையில் இந்தத் தாலுகாவில் எத்தனை ஏக்கர் விவசாய நிலம் இருக்கிறது என்று வில்லேஜ் வாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும், சர்க்கார் கையில் இருக்கிற நிலத்தில் முதல் பங்கு அவர்களுக்கு வேண்டும், கேட்பது இரண்டே. கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயர், வீட்டு எண் எழுதி, பக்கத்தில் ‘நிலம்’ என்கிற கட்டத்தையும் நிரப்புங்கள். வெறுமையாக விட வேண்டாம். விட்டால் ஆபீசில் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்பார்கள். நிலம் இல்லாதவர்கள் ‘இல்லை’ என்றே எழுதுங்கள்.