தண்டவாளம் முதலில், ஊர் பிறகு



ஊர் இருக்கும், அதைத் தேடி ஸ்டேஷன் வரும். இதுதான் வழக்கம். பம்பாயின் மாட்டுங்காவில் கதை வேறு. 1853 ஏப்ரல் 16 அன்று, சுமார் 400 விருந்தினரோடு போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் புறப்பட்டதே இந்தியாவின் முதல் பயணிகள் ரயில், அந்தப் பாதை மாட்டுங்கா வழியாகத்தான் போகிறது. அன்று அங்கே ஏறி இறங்கப் பெரிய ஜனக்கூட்டம் கிடையாது.

கூட்டம் சேரக் காரணம் பிளேக். 1896-இல் பம்பாயின் நெருக்கடியான சந்துகளில் அந்த நோய் புகுந்தது. 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் உருவாகி, தாதர், மாட்டுங்கா பக்கம் அகலமான சாலைகளும் காற்றோட்டமான மனைகளுமாகப் புதுக் குடியிருப்புகளைத் திட்டமிட்டது.

அதற்குள் நம் தமிழர் வரவும் வழி திறந்திருந்தது. 1871-இல் ரெய்ச்சூரில் இரண்டு ரயில் கம்பெனிகளின் பாதைகள் இணைந்ததும் சென்னையும் பம்பாயும் தொடர்பு பெற்றன. ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் கற்ற வாலிபர்கள் வண்டியேறினார்கள். கோட்டைப் பகுதியில் ஆபீஸ், மாட்டுங்காவில் வாடகை வீடு, இரண்டுக்கும் நடுவே லோக்கல் ரயில். 1932-இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி பிறந்தது. கோயிலும் உடுப்பி ஓட்டலும் பூக்கடையும் ஸ்டேஷனை அடுத்த தெருக்களில் நிலைத்தன.

ஆனால் மாட்டுங்கா என்றால் ஃபில்டர் காபி மட்டுமல்ல. 1915-இல் கிரேட் இந்தியன் பெனின்சுலா (ஜி.ஐ.பி.) ரயில்வே இங்கே தொடங்கிய ஒர்க்ஷாப்பில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்த தொழிலாளிகள் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்களும், மாட்டுங்கா லேபர் கேம்ப்வாசிகளும் இருக்கிறார்கள். சொந்த ஊரில் அக்ரகாரத் தெருவுக்குள் நுழைய முடியாதவரும் அந்தத் தெருவில் பிறந்தவரும் இங்கே ஒரே பெட்டியில் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். வீடுகள் தனித்தனிதான், ஓட்டலிலும் கோயிலிலும் பேதம் சட்டென்று மறையவில்லைதான். ஆனாலும் டிக்கெட் கவுண்டர் சாதி கேட்கவில்லை.

2017-இல் இதே ஸ்டேஷன் இன்னொரு வழக்கத்தையும் மாற்றியது. மானேஜர் முதல் டிக்கெட் கொடுப்பவர், பரிசோதகர், பாதுகாப்புப் படையினர் வரை எல்லோரும் பெண்களே என்றானது. லிம்கா சாதனைப் புத்தகத்தின் 2018 பதிப்பில் இது பதிவானது.

மாட்டுங்காவில் ஃபாஸ்ட் வண்டி நிற்காது. மேற்குப் பாதையில் இருக்கும் மாட்டுங்கா ரோடு வேறு, ஹார்பர் பாதையின் கிங்ஸ் சர்க்கிளும் வேறு. புதிதாக வருபவர்கள் கோட்டைப் பக்கமிருந்து மத்தியப் பாதையின் ஸ்லோ வண்டியில் ஏறி, தாதரைத் தாண்டியதும் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்.