சாக்குத் துணியில் ஒரு விடியல்

(கட்சிக் கல்வி வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1941இல் டோக்கியோவில் அரசியல் காவல்துறையினர் இருவரைக் கைது செய்தனர். ஒருவர் ஓவியர் ஃபுகுஸாவா இச்சிரோ. மற்றவர் கவிஞரும் விமர்சகருமான தகிகுச்சி ஷூஸோ. பொதுவுடைமையரை ஒடுக்குவதற்கென 1925இல் இயற்றப்பட்ட அமைதிப் பாதுகாப்புச் சட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. அவர்கள் செய்த குற்றம் சர்ரியலிசம். பிரான்சில் அவ்வியக்கத்தின் தலைவரான ஆந்த்ரே பிரெத்தோன் 1927இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். எனவே சர்ரியலிசமும் கம்யூனிசத்தின் மாறுவேடமே என்பது காவல்துறையின் கணக்கு. பிரெத்தோனின் நூலை 1930இல் ஜப்பானியத்தில் தந்தவர் தகிகுச்சி. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அவர்மீது எனக்குத் தனிப்பற்று உண்டு. அவ்வாண்டு நவம்பர் வரை இருவரும் காவலில் இருந்தனர். வெளிவந்த ஃபுகுஸாவா போர் ஓவியங்களும் தீட்டினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காவல்துறை அக்கலையில் நம்மைக் கண்டது; நாமோ அதில் முதலாளித்துவச் சீரழிவை மட்டுமே கண்டோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கையில் 'சர்ரியலிசம்' என்ற சொல்லுக்கு 'யதார்த்த மறுப்பு' என்று எழுதினேன். எவரும் ஆட்சேபிக்கவில்லை, பாராட்டியவர்களும் உண்டு. அது பிழை. மூலச்சொல்லில் மறுப்பு என்பதே இல்லை. 'மேலான', 'மிகுந்த' என்பதே அதன் முன்னொட்டு தரும் பொருள். இப்பிழையை எனக்கு உணர்த்தியவர் ஃபுகுஸாவாவின் மாணவர் யமஷிதா கிகுஜி. இன்று நான் பேச விரும்புவது அவரைப் பற்றியே.

1919இல் ஷிகோகு தீவின் தொகுஷிமா மாவட்டத்தில் பிறந்தவர் யமஷிதா. 1938இல் டோக்கியோ வந்து ஃபுகுஸாவாவின் ஓவியக்கூடத்தில் பயின்றார். மறு ஆண்டே படையில் சேர்க்கப்பட்டுத் தென்சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சீனக் கைதி ஒருவர் வதைக்கப்பட்டுக் கொல்லப்படுவதைக் கண்டார். தடுக்க இயலாமல் நின்ற தம்மைப் பிற்காலத்தில் அவர் மன்னிக்கவேயில்லை. அவருடைய ஓவியங்களில் உருக்குலைந்த உடல்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் 'கனவு' என்று ஒதுக்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

போருக்குப் பின் அவர் ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்து நிலச்சீர்திருத்தம் வயல்களைக் குத்தகை உழவர்க்குப் பிரித்துக் கொடுத்தது, மலைக்காடுகளைத் தொடவில்லை. காட்டையும் விறகையும் நம்பிப் பிழைத்த மலைக் கிராமங்களில் நிலவுடைமையாளரின் பிடி தளரவில்லை. இளம் கலைஞர்களை அக்கட்சி அத்தகைய கிராமங்களுக்கு அனுப்பிற்று. 1952இல் டோக்கியோவுக்கு மேற்கே அணை கட்டப்பட்டுவந்த ஒகோச்சிக்குச் சென்ற குழுவில் யமஷிதாவும் இருந்தார். இக்கலைஞர்கள் வளர்த்த வகைக்கு 'ரிப்போர்ட்டாஜ் ஓவியம்' என்று பெயர். களத்திலிருந்து செய்தி தரும் ஓவியம் எனலாம்.

யமனாஷி மாவட்டத்து அகெபோனோ கிராமத்தில் நிலவுடைமையாளருக்கு எதிரான கிளர்ச்சி மூண்டது. யமஷிதா அங்கே சென்றார். ஊரார் சொன்னவற்றைக் கேட்டார். 1953இல் 'அகெபோனோ கிராமத்துக் கதை' உருவானது. அகெபோனோ என்றால் விடியல். ஓவியத்துக்குரிய துணியை அவர் பயன்படுத்தவில்லை. முரட்டுச் சாக்குத் துணியின்மீது எண்ணெய் வண்ணத்தைப் பூசினார். மூட்டை தூக்கும் தோழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்தத் துணியின் சொரசொரப்பு உங்கள் தோளுக்குத் தெரியும்.

வங்கி முறிந்து சேமிப்பு பறிபோனதால் தூக்கிட்டுக்கொண்ட மூதாட்டி தொங்குகிறாள். அவள் மூக்கிலிருந்து நீர் ஒழுகுகிறது. அருகே பேத்தி. முன்புறத்தில் போராளி ஒருவரின் உடல் ஆற்றில் கிடக்கிறது. அவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்பதே யமஷிதா ஊரில் கேட்ட செய்தி. வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் நிகழ்ந்தவை ஒரே வெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. விலங்குகள் மனிதரினும் பெரிதாய்த் தெரிகின்றன.

ஒரு காவல்துறை அறிக்கையில் இவை தனித்தனிப் பக்கங்களில் அமையும்: ஒன்று தற்கொலை, ஒன்று நீரில் மூழ்கிய சாவு. தனித்தனியே படித்தால் குற்றவாளி எங்கும் தென்படமாட்டான். யமஷிதா பக்கங்களைக் கிழித்து ஒன்றாகத் தைத்தார். தொடர்பு அப்போதே தெரிந்தது. இதற்கு அவருக்குக் கைகொடுத்தது சர்ரியலிசம். முறைப்படியான யதார்த்த ஓவியம் ஒரு நேரத்தில் ஒரு பிணத்தையே காட்டியிருக்கும்.

1955இல் கட்சி அந்த மலைக்கிராமப் பாதையைக் கைவிட்டது. அது சரியான பாதைதானா என்பது வேறு விவாதம். யமஷிதா ஓய்ந்துவிடவில்லை. எழுபதுகளில் பேரரசரின் போர்ப்பொறுப்பைக் கேள்விக்குள்ளாக்கும் படங்களைத் தீட்டினார். பெருமுதலாளிகளைத் தாக்குவதைவிட அந்நாட்டில் இது கடினம். சயாமா வழக்கையும் கையிலெடுத்தார். 1963இல் நிகழ்ந்த கொலை ஒன்றிற்காகப் புராகு சமூகத்து இளைஞர் ஒருவர் கைதானார். முதலில் தூக்குத் தண்டனை, பின்னர் ஆயுள் தண்டனை. தாம் குற்றமற்றவர் என்று அவர் தொடர்ந்து முறையிட்டார். பிணம், தோல் சார்ந்த தொழில்களைக் காட்டித் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட மக்கள் புராகு மக்கள். இதை உங்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

1986இல் யமஷிதா மறைந்தார். சாக்குத் துணி ஓவியம் டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. என் பழைய மொழிபெயர்ப்பு மறுபதிப்புக்கு வருகிறது. 'யதார்த்த மறுப்பு' என்பதை 'மீயதார்த்தம்' என்று திருத்துமாறு பதிப்புக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள். அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.